ஆறு மணி நேர ஷிப்டுக்கு ஒரு சவப்பெட்டி: பேட்டில் கிரீக் தொழிற்சாலையின் 54 ஆண்டுகள்

1985 பிப்ரவரி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊர். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் அட்டையில் ஆளுயரச் சவப்பெட்டி ஒன்றைச் செய்து, அவர்கள் வழக்கமாகக் கூடும் மதுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தங்களில் ஒருவர் எழுதிவந்த இரங்கற்பாவை வாசித்தார்கள். செத்துப்போனது ஆள் இல்லை. கெல்லாக் நிறுவனத்தின் கார்ன் ஃபிளேக்ஸ் தொழிற்சாலையில் 1930 முதல் நடந்துவந்த ஆறு மணி நேர ஷிப்ட் அன்றோடு முடிந்தது. அதற்குத்தான் அந்த இறுதிச் சடங்கு.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவர் கோயம்புத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளி. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வரும். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவுக்கு மணி தெரியும். முழு நைட் முடித்துவிட்டு அப்பா பகலில் தூங்குவார். நாங்கள் பாத்திரம்கூட சத்தமில்லாமல் எடுப்போம். அரை நைட் என்றால் நாங்கள் பள்ளிவிட்டு வரும்போது அவர் கிளம்பியிருப்பார். வேலை எட்டு மணி நேரம்தான். மீதிப் பதினாறு மணி நேரமும் அவருடையது என்று கணக்கு சொல்லும். ஆனால் என் பள்ளி நாட்களில் அப்பாவோடு உட்கார்ந்து பேசிய மாலைகளை எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவு.

வேலை வாரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் சமநிலையும் வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். காலையில் சீக்கிரம் எழு, போனை ஒதுக்கு, உனக்கென நேரம் எடுத்துக்கொள் என்று தனி மனிதருக்கான அறிவுரைகளே அதிகம் கிடைக்கின்றன. பேட்டில் கிரீக்கில் நடந்தது அப்படியில்லை. அங்கே ஒரு ஊரே சேர்ந்து ஓய்வு நேரத்தைப் பெற்றது, சேர்ந்து அனுபவித்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தது. இழந்த விதத்தில்தான் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் அந்தப் பகுதிக்கே இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

1930 டிசம்பர் 1

அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. வேலை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் பெருகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நிறுவனத்தை உருவாக்கிய டபிள்யூ. கே. கெல்லாக்கும், தலைவராக இருந்த லூயிஸ் பிரௌனும் ஒரு முடிவை அறிவித்தார்கள். எட்டு மணி நேரம் கொண்ட மூன்று ஷிப்டுகளை எடுத்துவிட்டு, ஆறு மணி நேரம் கொண்ட நான்கு ஷிப்டுகளாக்குவது. இதனால் ஊரில் மேலும் 300 குடும்பத் தலைவர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

மணிக்கூலியை 12.5 சதவீதம் உயர்த்தினார்கள். இதை நம் காசில் போட்டுப் பார்த்தால் புரியும். எட்டு மணி நேரத்துக்கு எட்டு ரூபாய் வாங்கியவர், இனி ஆறு மணி நேரத்துக்கு ஆறே முக்கால் ரூபாய் வாங்குவார். ஒன்றேகால் ரூபாய் குறைகிறது; கையில் இரண்டு மணி நேரம் கூடுகிறது. ஷிப்ட் சின்னதானதால் நடுவில் சாப்பாட்டு இடைவேளையும் எடுக்கப்பட்டது. ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் வேலை, அப்புறம் வீட்டுக்கு.

இது கெல்லாக்கின் தரும காரியம் மட்டும் இல்லை. அவர் கணக்கு தெரிந்த வியாபாரி. களைத்துப்போனவரின் கடைசி இரண்டு மணி நேர வேலை பழுதும் விபத்துமாகப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1935-இல், நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி ஒரு பொருளுக்கு ஆகும் மேற்செலவு 25 சதவீதமும், கூலிச் செலவு 10 சதவீதமும், விபத்துகள் 41 சதவீதமும் குறைந்திருந்தன. முன்பு எட்டு மணி நேரத்துக்குக் கொடுத்ததை இப்போது ஆறு மணி நேரத்துக்கே கொடுக்க முடிகிறது என்று கெல்லாக் சொன்னார். முதலாளி சொன்ன கணக்குதான், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் நஷ்டம் வந்திருந்தால் ஒரு வியாபாரி ஐந்து ஆண்டுகள் அதைத் தொடர்ந்திருக்க மாட்டார்.

அன்றைக்கு இது கிறுக்கு யோசனையாகவும் பார்க்கப்படவில்லை. 1933 ஏப்ரலில் அமெரிக்க செனட் சபை, வாரத்துக்கு 30 மணி நேர வேலை என்ற மசோதாவை 53-க்கு 30 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. 1938-இல் வேறு ஒரு சட்டம் வந்து, 1940 வாக்கில் 40 மணி நேர வாரம் நிலைபெற்றது. இன்று நாம் இயற்கை விதிபோல நினைக்கும் அந்த 40, நூறு ஆண்டுகூட ஆகாத ஒரு அரசியல் முடிவு.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது?

1932-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பெண்கள் பிரிவு அதிகாரிகள் பேட்டில் கிரீக்குக்கு வந்து பெண் தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தார்கள். பலருக்கு வருமானம் உண்மையாகவே குறைந்திருந்தது. மந்த காலம் வேறு. அப்படியும் கூலி குறைந்ததைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் கொஞ்சம்பேர்தான். பெரும்பாலோர் ஆறு மணி நேரமே போதும் என்றார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, அயோவா பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் பெஞ்சமின் ஹன்னிகட் அந்த ஊருக்குப் போய், அப்போது வயதாகிவிட்ட தொழிலாளர்களைத் தேடிப் பேசினார். அவர்கள் சொன்னவற்றில் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. தோட்டம் போட்டார்கள். நூலகத்துக்குப் போனார்கள். தையல், மீன்பிடித்தல், வேட்டை, சாஃப்ட்பால் விளையாட்டு, தேவாலய வேலை, பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி. பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, பழம் பதப்படுத்தும் வேலை. கோடையில் தோட்டத்தில் விளைந்த பழங்களையும் காய்களையும் குளிர்காலத்துக்காகக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து வைப்பது அங்கே வழக்கம். அதைப் பெண்கள் தனியாகச் செய்யவில்லை. அம்மா, பெண், பக்கத்து வீட்டுக்காரி என்று சேர்ந்து உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள், பேசுவார்கள். நம் மொட்டை மாடிகளில் வடகம் பிழிந்ததும், வாசலில் மோர்மிளகாய் காயவைத்துக் காவல் இருந்ததும் இதே இனம்தான். வேலையா ஓய்வா என்று பிரிக்க முடியாது. கை வேலை செய்யும், வாய் கதை பேசும், அந்தக் கதையில் ஊர் நடக்கும். கடையில் வாங்கினால் நேரம் மிச்சம் என்று யாராவது சொன்னால், எதற்காக மிச்சம் என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இந்தச் சந்தோஷங்கள் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் தேவை என்பதைக் கவனியுங்கள். சாஃப்ட்பாலுக்கு இரண்டு அணி வேண்டும். பேசுவதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இருக்க வேண்டும். மதியம் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வருபவருக்குத் தெருவில் இன்னும் பத்துப்பேர் அதேபோல வந்திருந்தால்தான் அந்த மதியத்துக்கு மதிப்பு.

எப்படித் தேய்ந்தது

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 1943-இல் அதிபர் ரூஸ்வெல்ட் வார வேலை நேரத்தை 48 மணியாக நீட்டும் ஆணையைப் பிறப்பித்தார். கெல்லாக் தொழிற்சாலையும் எட்டு மணி நேரத்துக்கு மாறியது. இது தற்காலிகம்தான், போர் முடிந்ததும் பழையபடி ஆகிவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1946-இல் வாக்கெடுப்பு நடந்தபோது ஆண்களில் 77 சதவீதம், பெண்களில் 87 சதவீதம் பேர் ஆறு மணி நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். இவ்வளவு பெரிய ஆதரவு இருந்த ஒன்று எப்படிச் செத்தது?

அதற்குள் நிர்வாகம் மாறியிருந்தது. கெல்லாக்கும் பிரௌனும் பொறுப்பில் இல்லை. புதிய நிர்வாகத்துக்கு ஆறு மணி நேரத்தில் ஆர்வமும் இல்லை. அவர்கள் பக்கம் ஒரு கணக்கும் இருந்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பாக வளர்ந்தன. இந்தச் செலவு தலைக்கு இவ்வளவு என்று வரும். மணிக்கு இவ்வளவு என்று வராது. ஆறு மணி நேரம் பார்க்கும் நான்கு பேருக்குக் காப்பீடு கட்டுவதைவிட, எட்டு மணி நேரம் பார்க்கும் மூன்று பேருக்குக் கட்டுவது மலிவு. 1930-இல் லாபமாகத் தெரிந்த ஏற்பாடு இப்போது செலவாகத் தெரிந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர்கள் எடுத்த வழி. ஆறு மணி நேரத்தை ஒரே அடியில் எடுத்துவிடவில்லை. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக வாக்களித்து, எட்டு மணி நேரம் வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம் என்று வந்தது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டபடி. ஆனால் ஒரு பிரிவு மாறினால் அந்தப் பிரிவினர் கையில் சம்பளம் கூடுகிறது. அவர்கள் வீட்டில் புது கார் நிற்கிறது. பக்கத்துப் பிரிவுக்காரரின் மதிய நேரத் தோழர்களில் பாதிப்பேர் இப்போது தொழிற்சாலைக்குள் இருக்கிறார்கள். ஓய்வு அதே இரண்டு மணி நேரம்தான். அதன் ருசி குறைந்துவிட்டது. அடுத்த வாக்கெடுப்பில் இன்னொரு பிரிவு போகிறது. 1950-களின் இறுதிக்குள் பெரும்பாலோர் எட்டு மணி நேரத்தில் இருந்தார்கள். யாரும் ஓய்வுக்கு எதிராக வாக்களிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கணக்கைப் பார்த்து வாக்களித்தார்கள், அவ்வளவுதான்.

பேச்சும் மாறியது. இதை ஹன்னிகட் நன்றாகக் கவனித்திருக்கிறார். முன்பு ஆண்களும் பெண்களும் ஓய்வு நேரத்தைப் பற்றி ஒரே மாதிரி பேசினார்கள். போருக்குப் பின் ஆண்கள் பேச்சில் 'தேவை' என்ற சொல் ஏறிக்கொண்டது. குடும்பம் ஓட வேண்டாமா, ஆம்பளை முழு நேரம் உழைக்க வேண்டாமா என்ற தொனி. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் மனைவிக்கு இடைஞ்சலாக இருப்போம் என்றார்கள் சிலர். ஆறு மணி நேரப் பிரிவுகள் 'பெண்கள் பிரிவுகள்' ஆயின. அங்கேயே இருக்க விரும்பிய ஆண்களைச் சோம்பேறி என்றும் பெண்தன்மை கொண்டவர் என்றும் கேலி செய்தார்கள். மறுபக்கம், எட்டு மணி நேரக்காரர்களை ஆறு மணி நேரப் பெண்கள் 'வேலைப் பன்றிகள்' என்ற பொருளில் திட்டினார்கள். தின்னத் தின்ன அடங்காமல் அடுத்தவர் வேலையையும் சேர்த்துத் தின்பவர்கள் என்று அர்த்தம். 1930-இல் அந்த ஷிப்ட் தொடங்கியதே இன்னும் 300 குடும்பங்களுக்கு வேலையைப் பங்கிடத்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தத் திட்டில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு விஷயத்துக்கு 'பெண்கள் சமாச்சாரம்' என்று பேர் வந்துவிட்டால் அதன் மதிப்பு இறங்கிவிடுவது அங்கே மட்டும் நடப்பதில்லை. இங்கேயும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும் பெண்ணுக்குக் குழந்தை காரணமாகச் சொல்லப்படும். அதே ஆறு மணிக்குக் கிளம்பும் ஆணைப் பார்த்து, என்ன இன்னிக்கு அரை நாளா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ஆண்களையும் வீட்டிலிருந்து தள்ளியே வைக்கிறது. என் அப்பா தலைமுறை ஆண்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கடைசியில் 530 பேர் மிஞ்சினார்கள். பெரும்பாலும் பெண்கள், கூடவே வயதானவர்கள், உடல்நலம் குன்றியவர்கள். நிர்வாகம் நெருக்கியது. சங்கத்தின் தலைமையும் எட்டு மணி நேரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சவப்பெட்டி.

நேரம் இருந்தால் மட்டும் போதாது

ஓய்வு என்பது சேர்ந்து இருப்பது என்ற இந்த வாதத்தை நான் பெரிதாக்குகிறேனோ என்று தோன்றலாம். இதைக் கிட்டத்தட்டச் சோதனைபோலவே காட்டிய இன்னொரு நிகழ்வு அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் நடந்தது. 1929-இல் அங்கே ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு ஐந்து நாள் சுற்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் விடுப்பு. தொழிலாளர்களை ஐந்து நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு வேறு விடுப்பு நாள். எந்திரம் ஒரு நாளும் நிற்காது; ஆளுக்கோ முன்பைவிட அதிக விடுப்பு. தாளில் எல்லோருக்கும் லாபம். நடைமுறையில் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைக்கு ஒரு நாள் விடுப்பு வந்தது. யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஆளுங்கட்சியின் பத்திரிகையான பிராவ்தாவுக்கே எழுதிக் கேட்டார்கள். 1931-இல் அதைக் கைவிட்டு, எல்லோருக்கும் பொதுவான விடுப்பு நாளுடன் ஆறு நாள் சுற்றுக்குப் போனார்கள். 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வந்தன.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி ஒருமுறை கிளம்பியது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் வேலை பார்த்தால் மூன்று நாள் விடுப்பு கிடைக்குமே என்று ஆதரவாகச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஒரு வாரத்துக்குள் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். எனக்கு அந்த விவாதத்தில் குறையாகத் தெரிந்தது, மூன்று நாள் விடுப்பை யாரோடு கழிப்பது என்று யாரும் கேட்காதது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அந்த நான்கு நாளும் பிள்ளை முகம் தூங்கும் முகமாகத்தான் தெரியும்.

ஐஸ்லாந்து சேர்ந்தே குறைத்தது

அண்மைக் காலத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த முயற்சி ஐஸ்லாந்தில் நடந்தது. தலைநகர் ரேக்யவிக் மாநகராட்சி, தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்து 2015-இல் சில இடங்களில் தொடங்கியது. 2017-இல் மத்திய அரசின் அலுவலகங்களும் சேர்ந்தன. வாரம் 40 மணி நேரம் என்பது 35 அல்லது 36 ஆனது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. அலுவலகம், மழலையர் பள்ளி, மருத்துவமனை, காவல்துறை என்று 2,500-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். அந்த நாட்டின் உழைப்பாளர் தொகையில் ஒரு சதவீதத்துக்கும் மேல்.

நேரத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? பெரும்பாலும் கூட்டங்களிலிருந்து. கூட்டத்தைச் சுருக்கினார்கள், கூட்டமே வேண்டாத இடத்தில் ஒரு மின்னஞ்சலோடு முடித்தார்கள், காபி இடைவேளையைக் குறைத்தார்கள், ஷிப்டுகளைத் திருப்பி அடுக்கினார்கள். முக்கியமானது, ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேலை பார்ப்பவர்களே உட்கார்ந்து எதை விடலாம் என்று முடிவுசெய்தார்கள். மருத்துவமனை போன்ற இடங்களில் இது மட்டும் போதவில்லை; புதிதாக ஆள் எடுக்க வேண்டியிருந்தது, அதற்குப் பணமும் செலவானது. அதை மறைக்கவும் இல்லை. களைப்பும் மன அழுத்தமும் குறைந்தன, வேலை குறையவில்லை என்று அறிக்கை வந்தது. ஆண்கள் வீட்டு வேலையில் முன்பைவிட அதிகம் கை கொடுத்தார்கள் என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. 2019 முதல் சங்கங்கள் போட்ட ஒப்பந்தங்கள் வழியாக, 2021-க்குள் நாட்டின் உழைப்பாளர்களில் 86 சதவீதம் பேர் குறைந்த நேரத்துக்கு மாறிவிட்டார்கள் அல்லது மாறும் உரிமை பெற்றுவிட்டார்கள்.

பேட்டில் கிரீக்கில் பிரிவு பிரிவாகக் கழன்றது இங்கே ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் சேர்ந்தது. ஒரே கயிற்றின் இரண்டு திசைகள்.

எங்கள் புதன்கிழமை

நாடு தழுவிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு என்ன வழி? எங்கள் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். நான் கோயம்புத்தூரில் ஒரு சின்னத் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். ஏழு பேர். ஜிஎஸ்டி கணக்குக்கு மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுத்தை நெரிக்கும். மற்ற நாட்களிலும் மாலை ஏழு, ஏழரைக்கு முன் யாரும் இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டோம்; ஒருவர் எழுந்தால் மற்றவர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

முதலில் ஆளுக்கு ஒரு நாள் நாலரைக்குக் கிளம்பலாம் என்று வைத்தோம். யாருக்கு எந்த நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் அது கரைந்துபோனது. கிளம்பிய ஆளுக்குப் போன் மேல் போன். "அக்கா, அந்த மில் ஃபைலோட பாஸ்வேர்டு என்ன? அக்கா, கிளையண்ட் நேர்ல வந்துட்டாருங்க." பஸ்ஸில் நின்றுகொண்டு பதில் சொல்வதைவிட அலுவலகத்திலேயே இருந்துவிடலாம் என்றாகிவிட்டது.

அப்போதுதான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்திருந்தேன். பாஸ்டனில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் ஹார்வர்டு பேராசிரியர் லெஸ்லி பெர்லோ நடத்திய முயற்சியும் கண்ணில் பட்டது. வாரத்தில் ஒரு மாலை, ஆறு மணிக்குப் பிறகு ஆலோசகருக்கு வேலைத் தொடர்பே கிடையாது. அது காப்பாற்றப்பட்டதா என்று குழு வாரா வாரம் உட்கார்ந்து பேச வேண்டும். தனி ஆளின் மன உறுதியை நம்பாமல் குழுவின் பொறுப்பாக்கியதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம்.

சாரிடம் போய்ப் பேசினோம். அவருக்குக் கிளையண்ட் போய்விடுவார்களோ என்ற பயம். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். புதன்கிழமை நாலரைக்கு ஏழு பேரும், சாரும் சேர்த்து, கிளம்புவது. அலுவலகம் பூட்டு. கிளையண்ட்களுக்கு முன்கூட்டியே தகவல். இதற்காகத் தினமும் காலையில் நடந்த முக்கால் மணி நேர ரிவியூவைத் திங்கட்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் வந்து விழும் பில்களுக்குப் பதிலாக ஒரே இமெயிலுக்கு அனுப்பச் சொன்னோம். கிளையண்ட் ஒருவரும் போகவில்லை. சிலர் தங்கள் கடையிலும் புதன்கிழமை இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. எங்களில் ஒரு அக்கா முதல் மாதமே சொன்னார்: "சீக்கிரம் போனா சீக்கிரம் சமைக்கணும் கண்ணு, எனக்கு அவ்வளவுதான் வித்தியாசம்." எனக்குச் சுருக்கென்றது. பேட்டில் கிரீக் பெண்களின் மதியங்களிலும் இப்படிச் சமையலறைக்குள் போனவை எத்தனையோ. அலுவலகம் கொடுக்கும் நேரத்தை வீடு எடுத்துக்கொண்டால் அதற்கு ஐஸ்லாந்துக் கணக்கெல்லாம் உதவாது. வீட்டில்தான் பேச வேண்டும். அவர் இப்போது நேராக வீட்டுக்குப் போவதில்லை. காந்தி பார்க்கில் தன் தங்கையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு அவர் மகன் பொறுப்பு. உப்புமாதான் என்கிறார், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

நான் நேராக வீட்டுக்குப் போகிறேன். அப்பாவுக்கு எழுபத்தி இரண்டு. இரண்டு பேரும் முக்குக் கடை வரை நடந்துபோய் டீ குடிக்கிறோம். மில் கதைகள் வருகின்றன. சங்கு பழுதான ஒரு நாள் பாதி ஷிப்டே தாமதமாக வந்து நின்ற கதையைப் போன வாரம்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

அடுத்த மாதம் 11-ஆம் தேதி புதன்கிழமையில் வருகிறது. அந்த ஒரு வாரம் வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாமா, அல்லது செவ்வாய்க்குள் ஃபைலிங்கை முடித்துவிடலாமா என்று குரூப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்குள் முடித்துவிடலாம் என்பவர்கள் இதுவரை ஐந்து பேர்.